நாலு நிமிஷம் முன்னால்: 'கோஸ்ட் ட்ரிக்' ஆடப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செத்துப்போன ஒருவன் கண் விழிக்கிறான். இடம் ஒரு பழைய சாமான் கிடங்கு. தரையில் சிவப்பு கோட் போட்ட ஓர் உடம்பு குப்புறக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண். அவளுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஒருவன். தான் யார், தன்னைக் கொன்றது யார், அந்தப் பெண் யார், எதுவுமே அவனுக்கு ஞாபகம் இல்லை. விடிவதற்குள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தாக வேண்டும், ஏனென்றால் விடிந்தால் அவன் ஆவியும் கரைந்துபோகும். 'கோஸ்ட் ட்ரிக்: ஃபேண்டம் டிடெக்டிவ்' இப்படித்தான் தொடங்குகிறது.

கேப்காம் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக 2010 ஜூனில் ஜப்பானில் வெளியிட்ட கேம் இது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 2011 ஜனவரியில் போனது. அந்த நேரம்தான் அதற்கு எமனாக வந்தது. அடுத்த கருவியான 3டிஎஸ் பிப்ரவரியில் ஜப்பானிலும் மார்ச்சில் மற்ற நாடுகளிலும் இறங்கியது. எல்லார் கண்ணும் அதன் மேல். பழைய கருவிக்குக் கடைசிக் காலத்தில் வந்த ஒரு விசித்திரமான கதையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆடியவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனாலும் அந்த வட்டம் சின்னதாகவே நின்றுவிட்டது. இயக்கியவர் ஷூ தகுமி. 2001-ல் கேம் பாய் அட்வான்ஸில் தொடங்கிய 'ஏஸ் அட்டர்னி' என்ற வக்கீல் தொடரை உருவாக்கியவரும் இவரே. அந்தத் தொடருக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கதை கட்டுவதில் அவருடைய கைத்தேர்ச்சி முழுசாகத் தெரிவது இதில்தான்.

துப்பறியும் கதை நம் ஊருக்குப் புதுசு இல்லை. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் இருந்துகொண்டே மர்மப் படங்களாக எடுத்துத் தள்ளியது. ஏற்காடு ரோட்டில் போகும்போது இன்றைக்கும் அதன் வளைவைத் தாண்டித்தான் போகிறோம். ஜெய்சங்கர் படங்களை வாய் பிளந்து பார்த்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த கேம் பிடிக்காமல் போகாது. கேம் என்றாலே துப்பாக்கிச் சண்டை, கிரிக்கெட், கார் ரேஸ் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிற அக்கா, அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கை வேகம் இதில் தேவையே இல்லை. பொறுமையும் கவனமும் இருந்தால் போதும்.

எதில் ஆடுவது

வழிகள் நாலைந்து இருக்கின்றன. நம் ஊரில் சுலபமானது போன். 2023 ஜூன் 30 அன்று இந்த கேமைப் புதுப்பித்து ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் கருவிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார்கள். 2024-ல் அதுவே ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது. மூல கேம் டிஎஸ்ஸின் கீழ்த்திரையில் ஸ்டைலஸ் குச்சியால் தொட்டு இழுத்து ஆடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதனால் தொடுதிரையில் விரலால் ஆடுவது மூலத்துக்கு ரொம்ப நெருக்கமான அனுபவம். கையில் நல்ல போன் இருக்கிறவர்கள் வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் போய் முதலில் டெமோவை, அதாவது ஆடிப் பார்க்கக் கொடுக்கும் ஆரம்பப் பகுதியை, இறக்குங்கள். காசு கிடையாது. அது தடங்கல் இல்லாமல் ஓடினால் முழு கேமும் ஓடும். டெமோவில் ஆடிய இடத்திலிருந்தே முழு கேமிலும் தொடரலாம். ஆடிய நேரம் வீணாகாது. விலை அடிக்கடி பாதிக்கும் கீழே இறங்கும். விருப்பப் பட்டியலில் போட்டு வைத்துவிட்டு, தீபாவளி சமயத்திலோ ஆண்டுக் கடைசியிலோ வரும் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் லாபம்.

ஸ்விட்ச் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தயங்காமல் அதில் வாங்குங்கள். படுத்துக்கொண்டே ஆடலாம், வேண்டும்போது டிவியிலும் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு கேமுக்காக மட்டும் ஸ்விட்ச் வாங்கப் போகாதீர்கள்.

கருவியில் செருகி ஆடும் அசல் டிஎஸ் கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. டிஎஸ் கார்ட்ரிட்ஜுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, அமெரிக்கப் பிரதி நம்மிடம் இருக்கும் கருவியிலும் ஓடும், 3டிஎஸ்ஸிலும் ஓடும். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது போலி நிறைய வருகிறது. லேபிள் மங்கலாக இருந்தாலோ, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ தொடாதீர்கள். ஜப்பான் பிரதி முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், அதையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

இந்த நாலைந்தில் எதில் ஆடினாலும் கதை ஒன்றுதான். எதிலும் எதுவும் வெட்டப்படவில்லை. புதுப்பதிப்பில் படம் துல்லியமாக இருக்கிறது, அசைவு இன்னும் வழவழப்பாக இருக்கிறது, இசையைப் பழையதாகவும் புதியதாகவும் மாற்றிக் கேட்கலாம். திரையின் இரண்டு பக்கமும் ஓரம் விட்டிருப்பார்கள். பழைய டிஎஸ் திரையின் அளவைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. ஐந்து நிமிஷத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு கட்டுப்பாடு

இந்த கேமைப் பற்றி எதையும் தேடாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். பாத்திரத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தால், கீழே வரும் பரிந்துரையிலேயே கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். யூடியூபில் வீடியோவைத் திறக்கக்கூட வேண்டாம், முகப்புப் படத்திலேயே போட்டு உடைத்திருப்பார்கள். ரசிகர்கள் வரைந்த ஓவியங்களையும் தள்ளி வையுங்கள். அவை அழகாகத்தான் இருக்கும், முடித்த பிறகு ஆசை தீரப் பார்க்கலாம். புதுப்பதிப்பின் மெனுவிலேயே ஓவியங்களும் இசையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இதில் சின்னச் சின்னப் புதிர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய புதிர் இருக்கிறது. அதற்கான விடை முதல் அத்தியாயத்திலிருந்தே நம் கண் முன்னால் இருக்கும். அதை நாமே கண்டுகொள்கிற நொடிக்காகத்தான் மொத்த கேமும் கட்டப்பட்டிருக்கிறது. யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த நொடி திரும்பக் கிடைக்காது.

முதல் அரை மணி நேரம்

நாயகன் பெயர் சிஸ்ஸல். ஆவியாகிவிட்ட அவனுக்கு இருக்கும் திறமைகளை விளையாட்டே ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும். இருந்தாலும் முதல் தடவை கேம் ஆடுகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

திரையில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று சாதாரண உலகம். மனிதர்கள் நடப்பார்கள், பேசுவார்கள், நேரம் ஓடும். இன்னொன்று ஆவி உலகம். அதற்கான பட்டனைத் தொட்டால் நிறம் மாறும், எல்லாரும் அப்படியே உறைந்து நிற்பார்கள், பொருட்களுக்குள் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். அவைதான் மையங்கள். நீங்கள் இருக்கும் மையத்திலிருந்து விரலை இழுத்தால் ஒரு கோடு நீளும். அது எட்டுகிற தூரத்தில் இன்னொரு மையம் இருந்தால் அதற்குள் தாவலாம். எட்டவில்லை என்றால் தாவ முடியாது. இந்தக் கேமின் பாதிச் சிக்கல் இந்த எட்டாத தூரம்தான்.

ஒரு பொருளுக்குள் போனதும் சாதாரண உலகத்துக்குத் திரும்பி, ட்ரிக் பட்டனைத் தொட்டால் அந்தப் பொருள் தன்னால் முடிந்த ஒரு வேலையைச் செய்யும். கதவு திறக்கும், விளக்கு எரியும், சக்கரம் உருளும். என்ன வேலை என்பது பட்டனிலேயே எழுதியிருக்கும். சில பொருட்களால் எதுவும் செய்ய முடியாது, அவை தாவுவதற்கான படிக்கட்டு மட்டுமே. அதனால் வேலைக்கு உதவாது என்று எதையும் ஒதுக்காதீர்கள்.

ஆவி உலகத்தில் இருக்கும்வரை நேரம் நின்றே இருக்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் பதறுவது இதை மறந்துவிடுவதால்தான். கை தடுமாறுகிறது என்றால் உடனே ஆவி உலகத்துக்குப் போய்விடுங்கள். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் துப்பாக்கிக்காரன் அப்படியே நிற்பான்.

அந்த நாலு நிமிஷத்தை எப்படிப் பார்ப்பது

கேமின் உயிர்நாடி இது. சற்று முன் இறந்துபோன ஒருவருடைய உடம்பின் மையத்துக்குள் சிஸ்ஸல் போனால், அவர் சாவதற்கு நாலு நிமிஷத்துக்கு முன்னால் போய்விடலாம். முதலில் அந்தச் சாவு எப்படி நடந்தது என்பதை முழுசாகக் காட்டுவார்கள். அப்புறம் காலம் பின்னால் போகும், மணல் கடிகாரம் கவிழும், உங்கள் முறை ஆரம்பிக்கும். அந்த நாலு நிமிஷத்துக்குள் அறையில் இருக்கும் பொருட்களை மட்டும் வைத்து விதியை மாற்ற வேண்டும். மனிதர்களுக்குள் புக முடியாது, யாரையும் கையால் பிடித்துத் தள்ளவும் முடியாது. கேரம் போர்டில் ஒரு காயை அடித்து அது இன்னொன்றில் பட்டு மூன்றாவது குழியில் விழுவது மாதிரி, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்ந்து கடைசியில் ஓர் உயிர் தப்பும்.

முதலில் காட்டும் காட்சியைக் கதை என்று நினைத்துச் சும்மா பார்த்துவிடாதீர்கள். மூன்று விஷயங்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் தானாக நகர்கிறது? யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள்? எந்தச் சத்தத்துக்கு யார் பயப்படுகிறார்கள்? பெரும்பாலான விடை இந்த மூன்றுக்குள்தான் இருக்கும்.

முக்கியமாக, தானாக நகரும் பொருள். நீங்கள் எட்ட முடியாத இடத்துக்கு அதுதான் உங்களைக் கொண்டுபோகும். மேசையிலிருந்து ஏதோ ஒன்று விழுந்து உருண்டு போகிறது என்று வையுங்கள். விழுகிற அந்த நேரத்தில் ஆவி உலகத்துக்குப் போய் அதற்குள் தாவிவிட்டால், அறையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நேரத்தைச் சரியாகப் பிடிப்பதுதான் வித்தை.

ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருந்தபோது அக்கா மகளுக்கு இதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனி இறங்கிவிட்டது, கரண்ட் வேறு போய்விட்டது, போன் வெளிச்சம் மட்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன நாய் வரும். அது குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, நாய் ஓடுறப்போ அதுக்குள்ள பூந்து கூடவே போயிரலாமா?"

"உயிரோட இருக்கிறதுக்குள்ள போக முடியாது கண்ணு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நாய் எதைத் தட்டி விடுதுன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, காபித்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். 'கதவு. நாய். உருளுது. மேல போறோம்.' வரிசையாக நாலு வரி, நடுவில் அம்புக்குறி. அடுத்த முறை ஆடும்போது அந்த வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறின. அதற்கடுத்த முறை அந்த நாலு நிமிஷத்தைத் தாண்டிவிட்டாள். அவள் செய்ததை அப்படியே நீங்களும் செய்யலாம். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இந்த கேம் பாதி சுலபமாகிவிடும். என்ன செய்கிறோம் என்பதைவிட எதற்கு அப்புறம் எதைச் செய்கிறோம் என்பதே இதில் விடை.

தோற்றால் ஒன்றும் ஆகாது. ஆட்டம் முடிந்தது என்று விரட்டிவிட மாட்டார்கள். மணல் கடிகாரத்தைத் திருப்பிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். விதியை ஓரளவு மாற்றிவிட்டீர்கள் என்றால் திரையில் அதைச் சொல்வார்கள். அங்கிருந்தே தொடரலாம், முதலிலிருந்து வர வேண்டியதில்லை. அதனால் தைரியமாகச் சோதித்துப் பாருங்கள். தப்பான பொருளைத் தட்டினாலும் அதற்கென்று யாராவது ஒரு வார்த்தை பேசுவார்கள். சில இடங்களில் தப்பாகச் செய்து பார்த்தால்தான் கிடைக்கும் வசனங்கள் அவ்வளவு நன்றாக இருக்கும்.

போன் லைன்

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு சிஸ்ஸல் நடந்து போக முடியாது. டெலிபோன் வயர் வழியாகத்தான் போவான். யாராவது போன் பேசிக்கொண்டிருந்தால் அந்த லைனைப் பிடித்து மறுமுனைக்குப் போகலாம். ஒருமுறை நம்பர் தெரிந்துவிட்டால் அப்புறம் எப்போது வேண்டுமானாலும் அங்கே போய் வரலாம். வழி தெரியாமல் நின்றால் முதலில் பக்கத்தில் எங்கே போன் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே போக வழியில்லை என்றால், யாராவது போனை எடுக்கும்படி செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

இங்கிலீஷைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

தமிழில் இந்த கேம் இல்லை. யாரும் குரல் கொடுத்துப் பேசவும் மாட்டார்கள், எல்லாமே எழுத்துதான். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். பின்வாங்க வேண்டாம். வாக்கியங்கள் சின்னவை, பேச்சுநடையில் இருப்பவை. நீங்கள் பட்டனைத் தொட்டால்தான் அடுத்த வரி வரும், அவசரமே கிடையாது. ஒவ்வொரு பொருளுக்குள் போகும்போதும் அதன் பெயர் திரையில் வருவதால், படமும் வார்த்தையும் சேர்ந்தே மனதில் பதியும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல வாசிப்புப் பயிற்சி என்று தாராளமாகச் சொல்வேன்.

இன்னும் நல்ல வழி, இருவராக உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தமிழில் சொல்ல. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரலை மாற்றி வாசியுங்கள். இன்ஸ்பெக்டர் கபனேலா வார்த்தையை ராகம் போட்டு இழுப்பார். வெள்ளைக் கோட்டும் சிவப்புத் துணியுமாக அவர் ஆடிக்கொண்டே படி இறங்கி வரும் காட்சியைப் பார்க்கவாவது இந்த கேமை ஆட வேண்டும். இதன் அசைவுகளை முதலில் முப்பரிமாண உருவங்களாகச் செய்து, அப்புறம் டிஎஸ்ஸின் சின்னத் திரைக்கேற்ற தட்டைப் படங்களாக மாற்றியிருக்கிறார்கள். அத்தனை சின்னத் திரையில் இவ்வளவு உயிருள்ள நடையை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. ஒருவர் திடுக்கிட்டுத் திரும்புவதிலேயே அவருடைய குணம் தெரிந்துவிடும்.

அப்புறம் மிஸைல். சொன்னேனே, அந்தச் சின்ன நாய். பொமரேனியன் இனம். ஷூ தகுமி தான் வளர்த்த நாயை வைத்தே அதைப் படைத்தார். மிஸைல் பேசுகிற வரிகளில் ஆச்சரியக்குறி இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் வசனம் வரும்போது வாசிக்கிற வேலையை வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள்.

வயது பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் காட்ட மாட்டார்கள், ஆனால் துப்பாக்கி உண்டு, கொலை உண்டு, அதுவும் திரும்பத் திரும்ப. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் தனியாகக் கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் கூட இருந்தால் பரவாயில்லை.

எங்கே, எப்போது

மொத்தம் 18 அத்தியாயங்கள். நிதானமாக ஆடினால் 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று திட்டம் போட்டால் நடக்காது. ஒவ்வொன்றும் அடுத்ததைத் திறக்க வைக்கிற இடத்தில்தான் முடியும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போய் தட்டுவடை செட்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாடுவரை எழ வேண்டாம். விரலில் சட்னி பட்டால் தொடுதிரை வேலை செய்யாது, ஒரு துணி பக்கத்தில் இருக்கட்டும்.

ராத்திரியில் ஆடுவதுதான் சிறப்பு. கதை ஒரே ஒரு ராத்திரியில் நடக்கிறது, விடியல்தான் கெடு. சேலம் ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. நெட் தேவையில்லை, வழியில் சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காது. ஹெட்போன் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து பெர்த்தில் தூங்குகிறவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. மசகாசு சுகிமோரியின் இசை அந்த அளவுக்குக் காட்சியோடு பின்னியிருக்கிறது. நாலு நிமிஷம் ஓடத் தொடங்கும்போதே துடிப்பு ஏறும், விதி மாறியதும் அது தளரும்.

ஏற்காடு பஸ்ஸில் மட்டும் ஆடாதீர்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. குனிந்து எழுத்து வாசித்துக்கொண்டு போனால் பாதி மலையிலேயே குமட்டும். மேலே போய்ச் சேர்ந்து, லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, அறைக்கு வந்து ஆரம்பியுங்கள். மலையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும், பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள், எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அப்போது கூட இருக்கும் பாத்திரங்கள் பேசுவதைத் திரும்ப வாசியுங்கள். துப்பு அங்கே பேச்சோடு பேச்சாக இருக்கும். அதுவும் உதவவில்லை என்றால், எதையும் தொடாமல் அந்த நாலு நிமிஷத்தை முழுசாக ஓட விடுங்கள். சாவு நடக்கும், பரவாயில்லை. ஒரு பொருளை மட்டும் கண்ணால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த முறை இன்னொரு பொருள். இப்படிப் பார்த்தால் இதுவரை கண்ணில் படாத ஒன்று கட்டாயம் படும். ஒரே தந்திரத்தை ஒரு பொருளில் இரண்டு முறை செய்ய முடியும் என்பதையும் மறக்காதீர்கள். திறந்ததை மூடுவதும் ஒரு வழி.

அதற்கும் மேல் முடியவில்லை என்றால் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். விடை தேடி நெட்டுக்குப் போக மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஆடி முடித்த நண்பர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், ஆனால் "எந்தப் பொருளைப் பார்க்கட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதும்.

பாதி தாண்டிய பிறகு

பத்தாவது அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வந்ததும், இதுவரை யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆட்கள் அதிகமாகியிருப்பார்கள். துப்பறியும் பெண் லின், சிறையில் இருக்கும் ஜவுட், மேசை விளக்கு ஒன்றின் வழியாகப் பேசும் ரே, கபனேலா. ஒவ்வொருவரும் எதையாவது மறைத்திருப்பார்கள், அல்லது அவர்களுக்கே தெரியாத ஒன்று இருக்கும். அந்தத் தாளில் தனியாக ஒரு மூலையில், சிஸ்ஸல் எதையெல்லாம் தனக்குத் தெரியாது என்கிறான் என்பதையும் குறித்துவையுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் சரி. ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அக்கா மகளும் இந்தக் கட்டத்தில் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். "மாமா, இந்த ஆள் நல்லவனா கெட்டவனா, அத மட்டும் சொல்லிருங்க" என்று துளைத்தெடுத்தாள். நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே ஆடி முடித்தவராக இருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், வாய் மட்டுமில்லை, முகமும் எதையும் காட்டிக்கொடுக்கக்கூடாது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசி மூன்று அத்தியாயங்களின்போது அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வது உத்தமம்.

அந்தக் கடைசி மூன்றைத் துண்டு துண்டாக ஆட வேண்டாம். இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கி ஒரே மூச்சில் முடியுங்கள். சார்ஜ் முழுசாக இருக்கட்டும், போனை யாருடைய அழைப்பும் வராதபடி வையுங்கள்.

முடித்த பிறகு

பெயர்கள் ஓடி முடியும்வரை அணைக்காதீர்கள். அப்புறம் உடனே அத்தியாயத் தேர்வுக்குப் போய் முதல் அத்தியாயத்தை மறுபடி ஆடுங்கள். அதே சாமான் கிடங்கு, அதே வசனங்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் இப்போது வேறு அர்த்தத்தில் நிற்கும். தகுமி எங்கேயும் ஏமாற்றவில்லை, எல்லாவற்றையும் நேராகவே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தையும் சேர்த்து ஆடினால் இன்னும் நல்லது.

அடுத்து என்ன ஆடுவது என்று கேட்பவர்களுக்கு, 'ஏஸ் அட்டர்னி' முதல் மூன்று பாகங்களும் ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கின்றன. அவையும் தகுமி எழுதியவை, எழுத்து வாசிப்பு இதைவிட அதிகம். டிஎஸ் கருவியே கையில் இருப்பவர்கள் 'ஹோட்டல் டஸ்க்: ரூம் 215' தேடிப் பாருங்கள். கருவியைப் புத்தகம் போலச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டிய துப்பறியும் கதை அது, அதுவும் போதுமான கவனம் கிடைக்காமல் போன ஒன்று.

உங்களுக்கு கோஸ்ட் ட்ரிக் பிடித்திருந்தால் இன்னொருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, "செத்துப்போனவன் ஒருத்தன் துப்பறியுறான், விடியுறதுக்குள்ள கண்டுபிடிக்கணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். டெமோவை இறக்கிக் கையில் கொடுத்துவிட்டால் மீதியை மிஸைல் பார்த்துக்கொள்ளும்.